அத்தை மூடிய ஜாடிகள்

அத்தை ஒன்றை மூடினால் அதை அத்தைதான் திறக்க வேண்டும். அந்த வீட்டில் எந்தக் குழாயும் சொட்டியதில்லை. அத்தை இறுக்கிய குழாயில் சொட்டுவதற்குத் தண்ணீருக்கே தைரியம் வராது. குளிக்கப் போனவர்கள் உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு கதவை ஒரு கை அளவுக்குத் திறந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அத்தையைக் கூப்பிடுவது அங்கே தினசரி நடப்பு. சர்க்கரை டப்பா, மிளகு புட்டி, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், இருமல் மருந்து எல்லாவற்றுக்கும் அதே கதிதான். மாமா இருமுவதற்கு முன்னால் அத்தை வீட்டில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொள்வார். உடும்புப் பிடி என்று சொல்வார்கள். உடும்புக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே அத்தையாக இருக்கும்.

இது வெறும் கைப்பலம் என்றுதான் மருமகள் முதலில் நினைத்தாள். கல்யாணமாகி வந்த சில வாரங்களிலேயே இது கைப்பலம் அல்ல, ஆட்சி என்று புரிந்துவிட்டது. ஒரு கரண்டி சர்க்கரை வேண்டுமென்றால் அத்தையிடம் டப்பாவை நீட்ட வேண்டும். நீட்டினால் எதற்கு என்று கேள்வி வரும். டீக்கு என்றால், இப்போதுதானே குடித்தாய் என்று அடுத்தது வரும். மூன்றாவது கேள்வி முடிவதற்குள் டீயும் ஆறியிருக்கும், ஆசையும் ஆறியிருக்கும். மாமா பல வருஷமாகச் சர்க்கரை போடாத டீதான் குடிக்கிறார். டாக்டர் சொன்னார் என்று வெளியில் சொல்லிக்கொள்வார். எந்த டாக்டர் என்று கேட்டால் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மருமகள் எதிர்த்துப் பேசுகிற ரகம் அல்ல. அவள் பேசுவதெல்லாம் மனதுக்குள்தான். அங்கே மட்டும் அவளுக்கு நாக்கு முழ நீளம்.

அவள் ஜாடியில் ரொட்டி சுட ஆரம்பித்ததும் அத்தையின் புண்ணியத்தில்தான். வாழைப்பழம் கறுத்துக் குழைந்து போனால் அதைப் பிசைந்து, மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் பட்டைத் தூளும் சமையல் சோடாவும் சேர்த்து ஓவனில் வைப்பாள். ஈஸ்ட் போட்டுக் காத்திருக்கும் ரொட்டி அல்ல இது. கலந்த கையோடு சுட வேண்டும், சோடாவே பொங்க வைத்துவிடும். ஒருநாள் எல்லாம் கலந்து முடித்த பிறகுதான் ரொட்டி சுடும் தகரப் பாத்திரம் ஒரு பெரிய டப்பாவுக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது. அந்த டப்பாவை மூடியவர் அத்தை. அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கும் அத்தையை எழுப்புவதற்கு ரொட்டியைச் சுடாமலே இருந்துவிடலாம்.

பரண் மூலையில், பழம் பதப்படுத்திப் போட்டு வைக்கிற கனமான கண்ணாடி ஜாடிகள் சில கிடந்தன. அகன்ற வாய், நேரான உடம்பு. மூடிகள் எப்போதோ தொலைந்துபோயிருந்தன. மூடி இல்லாததாலேயே அந்த வீட்டில் அவளால் திறக்க முடிந்த பாத்திரங்கள் அவை மட்டும்தான். உள்ளே வெண்ணெய் தடவி, பாதி வரை மாவை ஊற்றி, தட்டில் நிறுத்தி ஓவனில் வைத்தாள். ரொட்டி மெதுவாக எழும்பி, ஜாடியின் கழுத்துக்குக் கீழே வந்து, மரியாதையாக நின்றது. கரண்டி போட்டுத் தோண்டிச் சாப்பிட்டாள். ஒரு பொடி கீழே விழவில்லை. அத்தை எழுந்து வந்தபோது தடயமே இல்லை.

ஒரு ஜாடியை அவள் புருஷனுக்குக் கொடுத்தனுப்பினாள். அவன் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். அங்கே கேன்டீன்காரர் அந்த ஜாடியை ஒரு ஆராய்ச்சிக்காரர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அவருடைய கவலை அவருக்கு. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கட்டிலோரம் உட்கார்ந்து பன் தின்று பொடியைச் சிந்த, எறும்பு வந்து, கால் ஒடிந்து தூக்கிக் கட்டியிருந்த ஒரு மனிதரின் மாவுக்கட்டுக்குள் குடும்பத்தோடு குடியேறிவிட்டது. அவர் சொறியவும் முடியாமல் ஓடவும் முடியாமல் போட்ட கூச்சல் மூன்றாம் மாடி வரை கேட்டது. அன்றிலிருந்து தலைமை நர்ஸ் பொடி உதிரும் எதையும் வார்டுக்குள் விடுவதில்லை. சனிக்கிழமை பார்வையாளர் நேரத்துக்கு ஒரு டஜன் ஜாடி கொண்டுவரச் சொன்னார் கேன்டீன்காரர். அவை விற்றுப்போனால், டீ கவுன்டரின் பக்கத்தில் காலியாக இருக்கும் அலமாரி அவளுக்கு. மத்தியானம் வந்து சாயங்காலம் வரை நிற்கலாம்.

அலமாரியைப் பார்க்க அவள் ஒருமுறை போனாள். பக்கத்தில் ஒரு தொட்டியும் குழாயும் இருந்தன. சும்மா ஒரு விரலை வைத்துத் தள்ளினாள். தண்ணீர் வந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள். மறுபடி வந்தது. யாரையும் கூப்பிடவில்லை, யாரும் எதற்கு என்று கேட்கவில்லை.

"தண்ணி வேணுமாம்மா?" என்றார் கேன்டீன்காரர்.

"இல்லைங்க. சும்மா பாத்தேன்."

அந்த அலமாரி தனக்கு வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்கு உடம்பு முழுவதும் தெரிந்தது. கண்ணாடி ஜாடிக்காக அல்ல, வாழைப்பழத்துக்காக அல்ல. தினமும் கொஞ்ச நேரம், அத்தை மூடாத உலகத்தில் நிற்பதற்காக.

புருஷன் புது ஜாடிகள் வாங்கி வந்தான். கெட்ட நேரம், அவற்றுக்குப் பளபளவென்று மூடிகளும் இருந்தன. அத்தை ஒரு மூடியை எடுத்து, விரலால் சுண்டிப் பார்த்து, "நல்ல மூடி" என்றார். அத்தை வாயால் இதுவரை பாராட்டு வாங்கியது அந்த மூடி ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையில் சர்க்கரைக்கான விசாரணை முடிந்து, மாவு கலந்து, தட்டில் பன்னிரண்டு ஜாடிகளையும் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் பாதி வரை ஊற்றினாள். அண்டாவில் இன்னும் மாவு மிச்சம் இருந்தது. அதை வீட்டுக்கென்று அப்புறம் சுட்டுக்கொள்ளலாம். ஓவன் சூடேறட்டும், அதற்குள் தலையில் ஒட்டிய மாவைக் கழுவிக்கொண்டு வந்துவிடலாம் என்று குளியலறைக்கு ஓடினாள். வாளியில் இருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு சோப்பு போட்டுவிட்டுக் குழாயைத் திருகினால், அது அசையவில்லை.

கதவைத் திறந்து கூப்பிட்டாள். "வரேன், இரு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. குரல் வந்ததே தவிர அத்தை வரவில்லை.

அத்தை வேலையாக இருந்தார். பாதி பாதியாக நிற்கும் ஜாடிகளைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருந்தது. ஊரார் சாப்பிடப் போகும் பண்டம். அரை ஜாடி கொடுத்தால் அரை மனதோடு கொடுத்ததாக ஆஸ்பத்திரி முழுவதும் பேசாதா. நிறைகுடம் தளும்பாது, குறைகுடம்தான் கூத்தாடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். பெரியவர்கள் சமையல் சோடாவைப் பார்த்ததில்லை என்பது அத்தைக்குத் தோன்றவில்லை. அண்டாவில் இருந்த மாவை எடுத்து ஒவ்வொரு ஜாடியையும் விளிம்பு வரை நிரப்பி, துடைத்து, ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். அப்புறம்தான் வந்து குழாயைத் திறந்துவிட்டார். செய்த உபகாரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக் காட்டுகிற பழக்கம் அத்தைக்குக் கிடையாது. கெட்ட காரியத்தையும்தான்.

சர்க்கரை கருகும் வாடை வந்தபோது மருமகளின் தலையில் பாதி நுரை இருந்தது. அப்படியே ஓடி வந்தாள். சமையலறையில் புகை. மாமா வாசலில் நின்று, தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்யலாமா அல்லது அத்தையிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஓவனின் கண்ணாடிக்குள் பன்னிரண்டு ஜாடிகளும் தலை வீங்கி, குடை விரித்து, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு, வழிந்த மாவைக் கீழே சொட்டவிட்டுக் கூத்தாடிக்கொண்டிருந்தன. அத்தை கையைக் கட்டிக்கொண்டு, டிவி பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது" என்றார். "வளருது."

வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்த கதை. மருமகள் மனதுக்குள் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. வெந்ததும் தட்டை வெளியே எடுத்து, சூட்டில் ஜாடி விரிசல் விடாமலிருக்க மடித்த துணியின் மேல் வைத்தாள். கொஞ்சம் ஆறியதும் வீங்கிய தலைகளைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். அதற்குள் தலையை அலசிவிட்டு வந்துவிடலாம்.

அந்த அலசும் நேரம் போதுமாக இருந்தது. அத்தைக்கு உள்ளுக்குள் ஏதோ குறுகுறுத்திருக்க வேண்டும். குற்ற உணர்வு என்று அதற்குப் பெயர் வைத்தால் அத்தை ஒப்புக்கொள்ள மாட்டார். துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு தலையையும் உள்ளங்கையால் அமுக்கி ஜாடிக்குள் இறக்கி, மேலே மூடியை வைத்துத் திருகினார். அதுவும் கொதிக்கக் கொதிக்க. ஜாடி வாயின் திருகு மரைகளில் எல்லாம் வழிந்த மாவும் சர்க்கரையும் பாகாகி ஒட்டிக்கொண்டிருந்தன. மருமகள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, பன்னிரண்டு ஜாடிகளும் வாயை மூடிக்கொண்டு வரிசையாக நின்றன. ஆற ஆற, உள்ளே நீராவி அடங்கி, ஒவ்வொரு மூடியின் நடுப்புடைப்பும் டக் என்று உள்ளே இறங்கியது. அவள் ஒரு மூடியைத் திருகிப் பார்த்தாள், அசையவில்லை.

"ஒரு சொட்டு சிந்தாது. தைரியமா எடுத்துட்டுப் போ" என்றார் அத்தை.

வாசலில் புருஷன் வண்டியோடு நின்றான். வேறு மாவும் இல்லை, வேறு நேரமும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி கேன்டீனில் நடந்ததை அங்கே வேலை செய்கிறவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். முதல் ஜாடியை வாங்கியவர், மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு நகம் கடித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மீசைக்காரர். திருகினார். பல்லைக் கடித்துத் திருகினார். நாற்காலியில் முழங்காலை ஊன்றித் திருகினார். பிரசவ வலி யாருக்கு என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேன்டீன்காரர் வாங்கிப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் பார்த்தார். ஸ்பேனர் போட்டால் கண்ணாடி நொறுங்கும் என்று லிஃப்ட் மெக்கானிக் புருஷன் கையை விரித்தான். அம்மாவின் கையை அறிந்தவன், மூடியின் பக்கமே போகவில்லை.

அப்போது டீ குடிக்க வந்தார் எலும்பு டாக்டர். கோட்டின் கையை மடக்கிவிட்டுக்கொண்டே, இதில் பலம் முக்கியமில்லை, மணிக்கட்டின் கோணம்தான் முக்கியம் என்று சுற்றி நின்றவர்களுக்கு விளக்கினார். பிறகு சரியான கோணத்தில் ஒரு திருகு திருகினார். கடக் என்றது. திறந்துவிட்டது என்று எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டர் கை தட்டவில்லை. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய வார்டுக்குத் தானே நடந்து போய், வரிசையில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு கூட்டம் கூடிவிட்டது. ரொட்டி வேண்டுமோ வேண்டாமோ, திறக்க வேண்டும் என்ற வெறி எல்லோருக்கும் வந்துவிட்டது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர், அடுத்து யார் திறப்பார் என்று ஆள் ஆளாகக் கைகாட்டிக்கொண்டிருந்தார். ஜாடிக்குள் அந்த ரொட்டி, கண்ணாடியோடு மூக்கை அழுத்திக்கொண்டு, எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் சாப்பாடு வித்திருக்கேன் தம்பி. பூட்டு வித்ததில்ல" என்றார் கேன்டீன்காரர், அவள் புருஷனைப் பார்த்து.

அலமாரி கைநழுவிப் போய்க்கொண்டிருப்பது மருமகளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் அந்தக் குழாய். ஒரு விரலுக்கு வழிவிடும் குழாய்.

புருஷன் அவள் காதருகே குனிந்தான். "அம்மாவக் கூப்பிடட்டுமா?"

அவள் அந்த ஜாடிகளைப் பார்த்தாள். கூப்பிட்டால் ரொட்டி பிழைக்கும். ஆனால் எந்தக் கையிடமிருந்து தப்பி ஓடி வந்தாளோ, அந்தக் கையை அவளே வரவழைத்து இங்கே உட்கார வைத்ததாகும். கூப்பிடாவிட்டால் வீட்டுக்குத் திரும்பிப் போய், சர்க்கரை டப்பாவை நீட்டிக்கொண்டே கிழவியாக வேண்டியதுதான்.

"கூப்பிடுங்க" என்றாள்.

அத்தை வாடகை வண்டியில் வந்து இறங்கினார். விசேஷத்துக்குப் போடும் செருப்பு. சீவி முடிந்த கொண்டை. அறுவைச் சிகிச்சைக்கு வரும் பெரிய டாக்டருக்கு வழிவிடுவது போலக் கூட்டம் தானாகப் பிளந்தது. அத்தை யாரையும் பார்க்காமல், "எது?" என்று மட்டும் கேட்டார். மீசைக்காரர் ஜாடியை நீட்டினார். அத்தை இடது கையால் அதை வயிற்றோடு சேர்த்து, வலது கையால் ஒரு திருகு. பாகு முறியும் சத்தம், பிறகு பெருமூச்சு மாதிரி ஒரு புஸ். வாழைப்பழமும் பட்டையும் கலந்த வாசம் கேன்டீன் முழுவதும் பரவியது. பன்னிரண்டையும் திறந்து முடித்தபோது அத்தைக்கு வியர்க்கக்கூட இல்லை. அமுக்கி அமுக்கி வைத்ததில் ரொட்டி இறுகி, ஈரமாகி, அல்வா மாதிரி கரண்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. பொடி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜாடிகள் பறந்தன.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனிக்கும் டயட்டம்மா மட்டும் ஒரு வாய் தின்றுவிட்டு மருமகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: சூட்டோடு இப்படி இறுக்கி மூடக்கூடாது, ஈர ரொட்டி காற்றில்லாமல் கிடந்தால் உள்ளேயே விஷமாகிவிடும், அன்றன்றைக்குச் சுட்டு அன்றன்றைக்கே விற்றுவிட வேண்டும். மருமகள் அதைக் கேட்டுக்கொண்டாள். மிக நன்றாகக் கேட்டுக்கொண்டாள்.

கேன்டீன்காரர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "அலமாரி உனக்குத்தாம்மா. திங்கக்கிழமையிலேர்ந்து வா. ஆனா ஒண்ணு, அம்மாவும் கூட வரணும்."

"வராம?" என்றார் அத்தை. "திறக்க ஆள் வேணாமா?"

வண்டியில் திரும்பி வரும்போது அத்தை முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது வண்டிக் கதவை அத்தை சாத்தினார். அதைத் திறக்க மெக்கானிக் வர வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மருமகள் மாவைப் பாதி ஜாடிதான் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, எங்கும் போகாமல், தலையில் மாவோடு ஓவன் முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ரொட்டி எழும்பி, கழுத்துக்குக் கீழே மரியாதையாக நின்றது. நன்றாக ஆறவிட்டாள். பிறகு வெண்ணெய்க் காகிதத்தை வட்டமாக வெட்டி ஒவ்வொரு வாயிலும் வைத்தாள்.

"மூடி எங்க?" என்றார் அத்தை.

"மூடக்கூடாதாம் அத்தை. டயட்டம்மா சொல்லிட்டாங்க. காகிதம் போட்டு நூல் கட்டினா போதுமாம்."

ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னால் அத்தையாலும் ஒன்றும் செய்ய முடியாது. கொஞ்ச நேரம் காகிதத்தையே முறைத்தார். பிறகு நூல் கண்டை எடுத்தார். "நீ கட்டினா அவுந்துடும். குடு இப்படி."

அத்தை முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சைப் பார்த்தால் கப்பலையே கட்டிவைக்கலாம் போலிருந்தது.

மத்தியானம் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அத்தை உட்கார்ந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக இருந்தார். முதலில் வந்தவள் நிறைமாதப் பெண் ஒருத்தி. ஜாடியை வாங்கி முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தாள். அசையவில்லை. அத்தை எழுந்தார். அத்தை எழுந்து நிற்பதற்குள் அந்தப் பெண் கரண்டியைக் காகிதத்தின் நடுவில் குத்தி, பொத்தென்று ஓட்டை போட்டு, ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அத்தை உட்கார்ந்தார்.

அடுத்தவர் கட்டைவிரலால் குத்தினார். அதற்கடுத்தவர் பேனாவால். எலும்பு டாக்டர், கையில் கட்டோடு வந்தவர், தூரத்தில் அத்தையைப் பார்த்ததும் டீயை மட்டும் வாங்கிக்கொண்டு வேறு வழியாகப் போனார். ஒவ்வொரு தடவையும் அத்தை கொஞ்சம் எழுந்து, கொஞ்சம் உட்கார்ந்தார். மருமகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, பார்க்காத மாதிரி சில்லறை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிரித்துவிடக் கூடாது என்று கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் காலி ஜாடிகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் கிழிந்த காகித வளையம், அதன் மேல் முடிச்சு, போட்டது போட்டபடி. அத்தை ஒவ்வொரு ஜாடியாக எடுத்து, கண்ணருகே கொண்டுபோய் முடிச்சைச் சோதித்தார்.

"ஒருத்தனாலயும் அவுக்க முடியல" என்றார்.

"முடியல அத்தை."

அத்தை ஜாடிகளை வரிசையாகத் திருப்பி வைத்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இந்த ஸ்டூல் சரியில்ல. நாளைக்கு நான் வரல. வீட்லயே முடிச்சுப் போட்டுக் குடுத்துடறேன். நீயே போய்ட்டு வா."

"சரிங்க அத்தை. முடிச்சு நீங்கதான் போடணும்."

மருமகள் அதை மனதாரத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ஜாடிகளைத் தொட்டியில் போட்டு, ஒரு விரலால் குழாயைத் தள்ளிக் கழுவினாள். கழுவி முடித்ததும், பழக்கதோஷம், அத்தையின் கை குழாயை நோக்கி நீண்டது.

மருமகளின் கை அதற்கு முன்னால் அங்கே இருந்தது.

"நான் மூடிக்கறேன் அத்தை" என்றாள்.

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தையிடம் அவள் சொன்ன வாக்கியங்களில், அத்தையின் கையைத் தடுத்த முதல் வாக்கியம் அது. ஒரு விரலால் குழாயை மூடினாள். துணிப்பையை எடுத்துக்கொண்டு இருவரும் நகர்ந்தார்கள்.

பின்னால் ஒரு சொட்டு விழுந்தது. சற்று இடைவெளி விட்டு இன்னொன்று.

அத்தைக்கு அது கேட்டது. நடை ஒருமுறை தயங்கியது. திரும்பிப் பார்க்காமல், விசேஷச் செருப்பு சத்தமிட, அவர் லிஃப்ட் பக்கம் நடந்தார். மருமகளும் திரும்பிப் பார்க்கவில்லை. குழாய் தன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.